பழைய விளையாட்டுக்குப் பழைய கார்டுதான் சரி!

1998-ஆம் ஆண்டு வெளிவந்த கணினி விளையாட்டு ஒன்றை இன்றைய மடிக்கணினியில் போட்டுப் பாருங்கள். சில ஓடும். சில திறந்த வேகத்திலேயே மூடிக்கொள்ளும். இன்னும் சில, இப்போது யாருமே தயாரிக்காத ஒரு கிராபிக்ஸ் கார்டைக் கேட்டு நிற்கும். அதன் பெயர் வூடூ.

அமெரிக்காவின் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனம் 1996-இல் வெளியிட்ட கார்டு அது. அதுவரை பெரும்பாலான வீட்டுக் கணினிகளில் முப்பரிமாணப் படங்களையும் சிபியுதான் கணக்குப் போட்டு வரைந்தது. கிட்டப் போனால் சுவர்கூடக் கட்டம் கட்டமாகத் தெரியும். அந்த வேலையில் பெரும்பங்கை வூடூ எடுத்துக்கொண்டது. நினைவகம் வெறும் 4 எம்பி! வின்டோஸ் திரையைக் காட்டும் வேலை அதற்குத் தெரியாது. அதனால் வழக்கமான விஜிஏ கார்டிலிருந்து ஒரு வயர் வூடூவுக்கு வரும். அங்கிருந்து இன்னொரு வயர் திரைக்குப் போகும். விளையாட்டு தொடங்கும்போது திரை ஒரு கணம் இருண்டு, கைமாறும்.

இந்தக் கார்டுக்கு உத்தரவு கொடுக்க ‘கிளைட்’ என்ற தனிக் கட்டளைத் தொகுப்பு இருந்தது. பல விளையாட்டுகள் அதை நம்பியே எழுதப்பட்டன. 2000 டிசம்பரில் 3டிஎஃப்எக்ஸ் தன் சொத்துகளைப் போட்டியாளரான என்விடியாவுக்கு விற்பதாக அறிவித்தது. கிளைட் புரிந்த கார்டுகளின் வரிசை அதோடு நின்றது.

எங்கோ நடந்த கதை என்று நினைக்காதீர்கள். 1998-இல் வந்த வூடூ2-வை, நமக்குப் பக்கத்தில் சிங்கப்பூரில் இருக்கும் கிரியேட்டிவ் நிறுவனமும் ‘3டி பிளாஸ்டர்’ என்ற பெயரில் விற்றது. அதில் ஒன்று லாபிஸில் எங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் கிடந்தது. மாமா சைபர் கஃபே நடத்திய காலத்து கணினி. பழைய இரும்பு வாங்குபவர் வந்தபோது, “எடைக்குப் போட்டுடலாமா?” என்று அம்மா கேட்டார். மூடியைக் கழற்றினேன். உள்ளே தூசி, துரு, இரண்டு பல்லி முட்டை, அந்தக் கார்டு. பிறகு எப்படிக் கொடுப்பது?

மதர்போர்டில் செத்துப்போன சிஆர்2032 பேட்டரியை மாற்றினேன். கெப்பாசிட்டர் எதுவும் உப்பியிருக்கவில்லை, அது அதிர்ஷ்டம். பழைய குழாய்த் திரையை மட்டும் யாரும் திறக்காதீர்கள். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் உள்ளே உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கலாம்.

‘என்கிளைட்’ போன்ற மென்பொருள் கிளைட் கட்டளைகளை இன்றைய கார்டுக்கு மொழிபெயர்க்குமே என்று கேட்கலாம். விளையாட மட்டும் அது போதும், எனக்கும் மறுப்பில்லை. ஆனால், இரண்டு மொழியில் படித்தவர்களுக்குத் தெரியும், மொழிபெயர்ப்பில் பொருள் வந்துவிடும், தொனி வராது. வூடூ 16-பிட் வண்ணத்தில் புள்ளிகளைக் கலந்து வரையும். குழாய்த் திரை அவற்றை மென்மையாக்கிக் காட்டும். ‘அன்ரியல்’ விளையாட்டின் அருவியை இரண்டிலும் பார்த்தேன். மடிக்கணினியில் தண்ணீர் துல்லியமாக இருந்தது. குழாய்த் திரையில் அது ஈரமாக இருந்தது.

இப்போது இன்னொரு வூடூ2 தேடுகிறேன். இரண்டைச் சேர்த்தால் ஒன்று ஒற்றைப்படை வரிகளையும் மற்றது இரட்டைப்படை வரிகளையும் வரையும். 1024×768 வரை போகலாம். லாபிஸ், பெக்கோக், சிகாமட் பக்கம் யார் வீட்டிலாவது பழைய கணினி எடைக்குப் போகக் காத்திருந்தால், முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள். திரை வயர் செருகும் இடம் இரண்டு, ஒரே கார்டில் அடுத்தடுத்து இருக்கிறதா?