விரல் நுனியில் சேமித்த நேரம்

2022ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியிலே நாம் சீனன்குடாவில் ஓர் இளைஞரின் சிறிய அறையில் அமர்ந்திருந்தோம். எம் உறவுப் பெண்ணின் திருமண வீடியோவைக் கணினியிலே தொகுக்கும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்திருந்தோம். மணமகளின் பாட்டியாரோ கனடாவில் நோய்ப் படுக்கையில் இருந்தார். பேத்தியின் கழுத்திலே தாலி ஏறுவதைக் கண்ணாரக் காண வேண்டும் என்பதே அவர்தம் வேண்டுகோள்.

நேயர்கள் அந்நாட்களை மறந்திருக்கமாட்டார்கள். மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீண்டது. ஆங்கிலேயர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள், நூற்றுக்கு ஒன்று குறைய, அவ்வூர்க் காட்டுக்குள் வரிசையாய் நிற்கின்றன. நாடோ எண்ணெயின்றி இருளில் கிடந்தது. என்னே முரண்!

முதல் நாள் மின்சாரம் திடீரென நின்றது. சேமித்து வைக்காத மூன்று மணி நேர வேலை பாழாயிற்று. நாம் அவரைக் கடிந்துகொண்டோம் என்பதை மறைப்பானேன்?

மறுநாள் அவர் சுட்டியை அப்பால் ஒதுக்கிவைத்தார். வலக்கைச் சுட்டுவிரல் ‘ஜே’யிலும், நடுவிரல் ‘கே’யிலும், மோதிரவிரல் ‘எல்’லிலும் அமர்ந்தன. ‘எல்’லை அழுத்தினால் காட்சி முன்னே ஓடும், மீண்டும் அழுத்தினால் வேகம் கூடும். ‘ஜே’ பின்னோக்கி ஓட்டும், ‘கே’ நிறுத்தும். ‘கே’யை அழுத்தியபடியே ‘எல்’லையும் அழுத்தினால் படம் மெல்ல நகரும். தாலிமுடிச்சு விழும் அந்தக் கணத்தைப் பிடிப்பதற்கு இதனினும் ஏற்ற வழி இல்லை. சற்று மேலே உள்ள ‘ஐ’ வேண்டிய பகுதியின் தொடக்கத்தையும், ‘ஓ’ முடிவையும் குறிக்கும். டாவின்சி ரிசால்விலும் அடோபி பிரீமியரிலும் இவ்விசைகள் ஒன்றே. பிரீமியரில் இன்னும் ஒரு வசதி: ‘கியூ’வைத் தட்டினால், நிற்கும் இடத்துக்கு முன்னுள்ள வேண்டாத பகுதி முந்திய வெட்டு வரை நீங்கி, இடைவெளியும் தானே மூடிக்கொள்ளும். ‘டபிள்யூ’ பின்னுள்ள பகுதிக்கு அவ்வாறே செய்யும்.

விரல் விரைவாக ஓடுவதனால் மட்டும் நேரம் மிஞ்சுவதாக நாம் எண்ணியிருந்தோம். அருகிலிருந்து கண்டபோதுதான் உண்மை விளங்கிற்று. சுட்டியைப் பிடித்தவர் பொத்தானைத் தேடுவதற்காக ஒவ்வொரு முறையும் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கிறார். பின்னர் விட்ட இடத்தைத் தேடுகிறார். விசைகளை அறிந்தவரின் கண்ணோ மணமகளை விட்டு அகலுவதில்லை. கத்தரியும் பசையும் கொண்டு படச்சுருளை ஒட்டிய அந்நாளைய தொகுப்பாளர்களுக்கும் கண்ணன்றோ முதற்கருவி!

சில நிமிடங்களுக்கு ஒருமுறை அவருடைய இடக்கை ‘கண்ட்ரோல்’ விசையோடு ‘எஸ்’ஸைத் தட்டிக்கொண்டேயிருந்தது. முதல் நாள் பட்ட அடி அப்படி! தவறாக வெட்டிவிட்டால், ‘கண்ட்ரோ’லுடன் ‘இசட்’ அதனை மீட்டுத் தந்தது. இவையனைத்தையும் ஒரே நாளில் மனனஞ்செய்ய முயலும் மாணவர்கள் மறுநாளே மறந்துவிடுவர். ‘ஜே’, ‘கே’, ‘எல்’ மூன்றையும் ஒரு வாரம் பழகிய பின்னர் மற்றவற்றுக்குச் செல்லலாம் என்றார் அவ்விளைஞர்.

அன்றிரவு விளக்கு அணையுமுன் வேலை முடிந்தது. பாட்டியார் மும்முறை பார்த்தாராம். தாலிகட்டும்போது கெட்டிமேளத்தை ஏன் குறைத்துவிட்டீர்கள் என்று தொலைபேசியில் எம்மைக் கேட்டார்.