அறிமுகம் இல்லாத கோப்புக்கு ஏன் இந்த அபராதம்?

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்த கூடுதல் ஓராண்டுப் பாதுகாப்பு, 2026 அக்டோபர் 13-உடன் முடிகிறது. பழைய கணினியைத் தூக்கி எறிய மனமில்லாதவர்கள் லினக்ஸுக்கு மாற, துவக்க யுஎஸ்பி தயாரிக்கும் ரூஃபஸையும், எழுத்து வேலைக்கு லிப்ரே ஆபீஸையும், நோட்பேட் பிளஸ் பிளஸையும் தேடுகிறார்கள். கூடவே வாசகர் கடிதங்களும் குவிகின்றன: "அதிகாரபூர்வத் தளத்திலிருந்துதான் இறக்கினேன். ஆன்டிவைரஸ் ஏன் அலறுகிறது?"

தெரிந்த வைரஸின் அடையாளத்தைக் கோப்புக்குள் தேடும் பழைய முறையில் பெரிய குழப்பமில்லை. குழப்பம் நற்பெயர்க் கணக்கில் இருக்கிறது. நீங்கள் இறக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் ஹாஷ் என்ற தனி எண் உண்டு. பாதுகாப்பு மென்பொருள் அந்த எண்ணைத் தன் நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்பி விசாரிக்கிறது. எத்தனை கணினிகளில் இது இருக்கிறது, எத்தனை நாளாக, யார் கையொப்பமிட்டது? பதில் திருப்தி இல்லையென்றால் எச்சரிக்கை வரும். நார்ட்டன் இதற்கு 'டபிள்யூ.எஸ்.ரெப்யூட்டேஷன்.1' என்று பெயரிட்டுக் கோப்பை அகற்றியது. விண்டோஸின் ஸ்மார்ட்ஸ்கிரீன், 'உங்கள் கணினியைப் பாதுகாத்தோம்' என்று அறிவிக்கிறது. எதிலிருந்து பாதுகாத்தார்கள்? பலரும் இதுவரை திறக்காத ஒரு கோப்பிலிருந்து. அந்தக் கோப்பு தீங்கு செய்தது என்று யாரும் கண்டுபிடிக்கவில்லை.

யோசனை கெட்டிக்காரத்தனமானது என்பதை மறுக்க முடியாது. வைரஸ் எழுதுபவர்கள் பிடிபடாமலிருக்கக் கோப்பைச் சற்றே மாற்றி மாற்றி அனுப்புகிறார்கள். அதனால் உலகில் வேறெங்கும் காணாத கோப்பைச் சந்தேகிப்பது நியாயமே. ஆனால், தன்னார்வலர் ஒருவர் பாதுகாப்பு ஓட்டையை அடைத்து இன்று காலை வெளியிட்ட புதிய பதிப்பும் இதுவரை யாரும் காணாத கோப்புதான். போன பதிப்பை லட்சம் பேர் பயன்படுத்தியிருந்தாலும் ஹாஷ் மாறிவிட்டது. கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. எச்சரிக்கையைப் பார்த்து மிரண்டவர் கோப்பை அழிக்கிறார். அழித்தால் எண்ணிக்கை ஏறாது. ஏறாவிட்டால் எச்சரிக்கை நீங்காது.

வெளியேற வழி, காசு கொடுத்து வாங்கும் கையொப்பச் சான்றிதழ். அது இருந்தால் நற்பெயர் கையொப்பமிட்டவரின் கணக்கில் சேரும். அடுத்த பதிப்புக்கும் உதவும். ஆண்டுக்குச் சில நூறு டாலர் செலவாகும். 2023 ஜூன் முதல் கையொப்பமிடும் சாவியைத் தனி வன்பொருளில்தான் வைக்க வேண்டும். 2026 மார்ச் முதல் புதிய சான்றிதழ்களின் ஆயுள் 460 நாள்தான். நிறுவனத்துக்கு இது சில்லறைச் செலவு. சம்பளமின்றி இரவில் நிரல் எழுதுபவருக்கு இது வாசல் வரி. இவ்வளவுக்கும், சான்றிதழ் சொல்வது ஆள் யார் என்பதை மட்டுமே. யோக்கியமானவரா என்பதை அல்ல. 2010-இல் அம்பலமான ஸ்டக்ஸ்நெட் என்ற தீநிரல், ரியல்டெக் நிறுவனத்திடம் திருடிய சான்றிதழோடுதான் வந்தது.

நோட்பேட் பிளஸ் பிளஸின் கதை இதைவிடக் கவலை தருகிறது. 2025 நடுவில் அதன் சான்றிதழ் காலாவதியானது. அசல் கோப்பையே சில ஆன்டிவைரஸ்கள் தவறாகக் குறித்தன. தானே உருவாக்கிய சான்றிதழோடு சில பதிப்புகளை வெளியிட்டுவிட்டு, பிறகுதான் முறையான சான்றிதழுக்குத் திரும்பினார் அதை உருவாக்கியவர். அதே 2025 ஜூன் முதல், அந்தத் தளத்துக்கு இடம் கொடுத்த சர்வருக்குள் புகுந்த தாக்குதல்காரர்கள், தாங்கள் தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டும் நஞ்சு கலந்த அப்டேட்டை அனுப்பிக்கொண்டிருந்தார்கள் என்று 2026 பிப்ரவரியில் அவரே அறிவித்தார். நல்ல கோப்புக்கு வந்த எச்சரிக்கையைப் பொய் என்று தள்ளப் பழகிய பயனர், கெட்ட கோப்புக்கு எச்சரிக்கை வந்திருந்தாலும் நம்பியிருப்பாரா? பொய் எச்சரிக்கைக்கு அதை எழுப்பிய நிறுவனம் எந்த விலையும் கொடுப்பதில்லை. விலை கொடுப்பவர் பயனர்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

ஒரே கோப்பைப் பல ஸ்கேனர்களால் சோதிக்கும் வைரஸ்டோட்டல் தளத்தில் பத்துப் பதினைந்து ஸ்கேனர்கள் ஒன்றாகச் சொன்னால்? அவை ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியிருக்கலாம். ஆன்டிவைரஸ் நிறுவனமான கேஸ்பர்ஸ்கை 2010-இல் விளக்கிய சோதனையில், அது வேண்டுமென்றே தவறாகக் குறித்த 10 நல்ல கோப்புகளைப் பத்தே நாளில் 14 நிறுவனங்கள் வரை வழிமொழிந்தன.

மூலநிரல் திறந்திருந்தால் பயமில்லையா? 2024 மார்ச்சில், எக்ஸ்இசட் என்ற திறந்த மூலச் சுருக்க நிரலில் ஒளித்து வைத்த பின்வாசலைக் கண்டுபிடித்தது ஸ்கேனர் அல்ல. உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்த ஒரு பொறியாளர்.

எச்சரிக்கை எல்லாமே பொய்யா? இல்லை, 2025 மார்ச்சில் விண்டோஸின் டிஃபெண்டர் தடுத்த வின்ரிங்0 இயக்கியில் உண்மையாகவே ஓட்டை இருந்தது, அதை நம்பியிருந்த மின்விசிறிக் கட்டுப்பாட்டு மென்பொருள்கள் நேர்மையானவை என்றாலும்.

ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு நிறுவலாமா? கூடாது.

பிறகு எப்படிச் சரிபார்ப்பது? உருவாக்கியவர் ஜிபிஜி கையொப்பம் தந்திருந்தால் அதை. இல்லையென்றால் பவர்ஷெல்லில் கெட்-ஃபைல்ஹாஷ் கட்டளை தரும் எண்ணை, அவர் தளத்தில் போட்டிருக்கும் எண்ணோடு.

புகார் யாரிடம்? எச்சரித்த நிறுவனத்திடம். தவறான எச்சரிக்கையைத் தெரிவிக்க மைக்ரோசாஃப்ட் உட்படப் பல நிறுவனங்களின் தளங்களில் தனிப் படிவம் உண்டு.