தொடர் படங்களைக் கெடுப்பது கணினியா? கண்டியில் அறுந்த பாலம் சொல்வது

பெரும் பொருட்செலவில் உருவாகும் அதிரடித் திரைப்படங்களின் அடுத்தடுத்த பாகங்கள் வெளிவரும் போதெல்லாம் ஒரே முறைப்பாடு எழுவது வழமையாகி விட்டது. முதற் படத்தில் இருந்த உயிர்ப்பு இதில் இல்லை, எல்லாமே கணினியில் செய்தவை என்பதே அந்த முறைப்பாடு. ஹொலிவூட்டைப் பற்றி மட்டும் கூறப்பட்டு வந்த இக்குறை இன்று தமிழ்ப் படங்களைப் பற்றியும் கூறப்படுகின்றது. இது எவ்வளவு தூரம் நியாயமானது என்பதை ஆராய்வதற்குக் கண்டியில் வாழ்பவர்கள் கலிபோர்னியா வரை செல்ல வேண்டியதில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் மகாவலி கங்கைப் பள்ளத்தாக்கின் குறுக்கே கட்டப்பட்டு, கட்டியவர்களாலேயே அறுத்து வீழ்த்தப்பட்ட ஒரு தொங்குபாலத்தை நினைவுபடுத்திக் கொண்டாலே போதுமானது.

1981 ஆம் ஆண்டு வெளியாகிப் பெருவெற்றி பெற்ற 'ரெய்டர்ஸ் ஒஃப் த லொஸ்ட் ஆர்க்' படத்தைத் தொடர்ந்து, ஸ்டீவன் ஸ்பீல்பேர்க் இயக்கிய இரண்டாவது படமே 'இன்டியானா ஜோன்ஸ் அன்ட் த டெம்பிள் ஒஃப் டூம்'. கதை நிகழ்வது 1935 ஆம் ஆண்டின் இந்தியாவில். ஆனால் திரைக்கதை தமது நாட்டு மக்களை இழிவுபடுத்துவதாகக் கருதிய இந்திய அதிகாரிகள் மாற்றங்களைக் கோரினர். அதற்கு இணங்காத படக்குழு இலங்கையை நாடியது. 1983 ஏப்ரல் 18 ஆம் திகதி படப்பிடிப்பு கண்டியில் ஆரம்பமானது. ஹந்தானை மலைச்சாரலில் 'மாயாபூர்' என்னும் கிராமம் எழுப்பப்பட்டது. அக்கிராமத்தின் முதியவராக நடித்தவர் சிங்களத் திரையுலகின் மூத்த நடிகர் டி.ஆர். நாணயக்கார. வட இந்தியக் கிராமவாசிகள் என்று உலகம் நம்பிய அந்த மனிதர்கள் தமக்குள் பேசிக் கொண்டது சிங்களத்தில் என்பது எமது நாட்டவர்களுக்கு மட்டுமே விளங்கிய வேடிக்கையாகும்.

அப்படத்தை ஓர் அருமையான படைப்பு என்று நாம் இங்கு கொண்டாட முற்படவில்லை. அரண்மனை விருந்தில் குரங்கின் மூளையைப் பரிமாறும் காட்சியும், காளி வழிபாட்டை நரபலிக் கூட்டத்தின் சமயமாகச் சித்திரித்த விதமும் இன்றும் முகஞ்சுளிக்க வைப்பவை. இந்தியாவில் அது சிறிது காலம் தடை செய்யப்பட்டிருந்ததில் வியப்பில்லை. எனினும் அதன் இறுதிக் கட்டத்தில் வரும் தொங்குபாலக் காட்சி, படத்தை வெறுத்தவர்களாலும் மறக்க முடியாத ஒன்றாகவே நிலைத்துள்ளது.

அந்தப் பாலம் எப்படி உருவானது? அப்போது கண்டிக்குக் கிழக்கே பிரித்தானிய உதவியுடன் விக்டோரியா அணைக்கட்டின் நிர்மாணப் பணிகள் நடைபெற்றுக் கொண்டிருந்தன. பழைய தெல்தெனிய நகரும் தும்பறைப் பள்ளத்தாக்கின் பல கிராமங்களும் நீருக்குள் மூழ்குவதற்குக் காத்திருந்த காலம் அது. அணைக்கட்டுக்கு அண்மித்த ஆழமான பள்ளத்தாக்கு ஒன்று தெரிவு செய்யப்பட்டு, அங்கு பணியாற்றிய பிரித்தானியப் பொறியியலாளர்களின் ஒத்துழைப்புடன் உருக்கு வடங்கள் இரு கரைகளுக்கும் இடையே இழுத்துக் கட்டப்பட்டன. பார்ப்பவர் கண்ணுக்குக் கயிற்றுப் பாலம். உள்ளே இருந்தது உருக்கு. உயரத்துக்கு அஞ்சும் இயல்புடைய ஸ்பீல்பேர்க் அதன் மீது நடப்பதற்குத் தயங்கியதும், கதாநாயகன் ஹரிசன் போர்ட் அதில் ஓடியே கடந்ததும் படக்குழுவினரே பின்னாளில் கூறிய செய்திகளாகும்.

கதைப்படி பாலம் நடுவே அறுந்து விழ வேண்டும். வடங்களைத் துண்டிப்பதற்கு வெடிபொருட்கள் பொருத்தப்பட்டன. கைகால்களை உதறும்படி இயந்திரம் பொருத்தப்பட்ட பதினான்கு பொம்மைகள் மனிதர்களைப் போன்று உடையணிவிக்கப்பட்டுப் பாலத்தின் மீது நிறுத்தப்பட்டன. பல கமராக்கள் பல கோணங்களில் வைக்கப்பட்டன. பாலமோ ஒன்றுதான். அறுத்த பின் மீண்டும் கட்டி எடுப்பதற்கு வழியில்லை. எனவே எந்தக் கமரா எதைப் பார்க்க வேண்டும், பாலம் எப்பக்கம் சாய வேண்டும், அக்காட்சி கதையில் எதைச் சாதிக்க வேண்டும் என்பவை யாவும் வெடி கொளுத்தப்படுவதற்கு முன்னரே முடிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். இக்கட்டுரையின் வாதம் முழுவதும் இந்த ஒரு விடயத்திலேயே தங்கியுள்ளது.

இத்தகைய கட்டாயம் இலங்கைக்குப் புதியதுமல்ல. கித்துல்கலையில் டேவிட் லீன் எடுத்த 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' படத்திற்காகக் களனி கங்கையின் குறுக்கே கட்டப்பட்ட மரப்பாலம் 1957 மார்ச் மாதம் 10 ஆம் திகதி பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க முன்னிலையில் தகர்க்கப்படவிருந்தது. கமராக்காரர் ஒருவர் உரிய நேரத்தில் விலகிக் கொள்ளவில்லை என்பதால் வெடிப்பு நிறுத்தப்பட்டது. ஓட்டுநரின்றி வந்த புகையிரதமோ நிற்காமல் பாலத்தைக் கடந்து மறுகரையில் இருந்த மின்பிறப்பாக்கியில் மோதிச் சேதமடைந்தது. அதனைப் பழுதுபார்த்து மறுநாட் காலை மீண்டும் முயன்ற பின்னரே அந்தப் புகழ்பெற்ற காட்சி கிடைத்தது.

ஆனால் 'அந்தக் காலத்தில் எல்லாம் உண்மையாகவே எடுத்தார்கள்' என்னும் பேச்சில் பாதி பொய்யாகும். கண்டியில் அறுந்த பாலத்தின் தொங்கும் பகுதியில் நடிகர்கள் போராடுவதாகக் காட்டப்படுவது இங்கிலாந்தின் எல்ஸ்ட்ரீ ஸ்டூடியோவில் அமைக்கப்பட்ட செயற்கைப் பாறைச்சுவரில் ஆகும். கீழே வாய் பிளந்து நிற்கும் முதலைகள் அமெரிக்காவின் புளோரிடாவைச் சேர்ந்தவை. சுரங்க வண்டித் துரத்தலின் பெரும்பகுதி சின்னஞ்சிறு மாதிரி வண்டிகளையும், அலுமினியத் தாளில் செய்த சுரங்கத்தையும் கொண்டு எடுக்கப்பட்டது. அச்சிறு சுரங்கத்துக்குள் வழமையான திரைப்படக் கமரா நுழையாது என்பதால் நிழற்படக் கமரா ஒன்றை மாற்றியமைத்துப் பயன்படுத்தினர். சிறந்த காட்சி விளைவுகளுக்கான ஒஸ்கார் விருதே அப்படத்துக்குக் கிடைத்தது. ஏமாற்று வித்தை அன்றும் இருந்தது. ஆனால் அந்த வித்தைக்குப் பாரம் இருந்தது. சிறியதாயினும் வண்டி உண்மையில் தண்டவாளத்தில் ஓடியது. சிறிய கமராவாயினும் அதற்குச் செல்லக்கூடிய இடமும் செல்ல முடியாத இடமும் இருந்தன.

கணினி மாற்றியது இதனைத்தான். 1991 இல் வெளியான 'டேர்மினேட்டர் 2' ஒரு தொடர் படமே. அதில் கணினியால் உருவாக்கப்பட்ட காட்சிகள் ஏறத்தாழ ஐந்து நிமிடங்களே. அவை மிகுந்த செலவும் காலமும் பிடித்தவை என்பதால், வேறு வழியில்லாத இடங்களில் மட்டுமே பயன்படுத்தப்பட்டன. பிற்காலத்தில் நடிகர்கள் பச்சை அல்லது நீலத் திரைக்கு முன்னால் நின்று, எதிரில் இல்லாத ஒன்றைப் பார்த்து அஞ்சுமாறு பணிக்கப்பட்டனர். மலையா கடலா என்பது மாதங்கள் கழித்துத் தீர்மானிக்கப்படலாம் என்ற நிலை உருவாகியது. எந்தக் காட்சியையும் எத்தனை முறையும் மாற்றலாம் என்றால், எதையும் இன்று தீர்மானிக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. கமரா பறக்கலாம், சுவரை ஊடுருவலாம். பார்வையாளரோ தாம் எங்கு நிற்கிறோம் என்பதை அறியாமல், ஆபத்தை உணராமல், வெறுமனே அசைவுகளைப் பார்த்துக் கொண்டிருக்கின்றார். விழுந்தால் எலும்பு முறியும் என்ற எண்ணம் மனத்தில் எழாதவிடத்து அதிரடிக் காட்சி என்பது வாணவேடிக்கையே.

தொடர் படங்கள் இதற்கு எளிதில் இரையாவதற்குக் காரணமுண்டு. முதற் படம் ஒரு கதையைச் சொல்ல வருகின்றது. இரண்டாவது படமோ, முன்னதைவிடப் பெரிதாகக் காட்டுவோம் என்ற வாக்குறுதியுடன் வருகின்றது. வெளியீட்டுத் திகதி முதலில் குறிக்கப்பட்டு, கதை அதற்குப் பின்னால் ஓடுவதும் உண்டு. கதையில் விழும் ஓட்டையை இறுதி மாதங்களில் அடைப்பதற்கு எளிதான பொருள் கணினிக் காட்சியே.

இன்டியானா ஜோன்ஸ் வரிசையே இதற்குச் சான்று. 2008 இல் வெளியான நான்காவது படம் பழைய பாணியிலேயே, உண்மையான சாகசக் கலைஞர்களைக் கொண்டு எடுக்கப்படும் என்று தயாரிப்புத் தரப்பினர் கூறி வந்தனர். முடிவில் சுமார் 450 காட்சித் துண்டுகளில் கணினி வேலை இடம்பெற்றது. இளம் நாயகன் குரங்குகளுடன் கொடிகளில் ஊசலாடும் காட்சி இரசிகர்களின் கேலிக்குரியதாகியது. ஆயினும் அப்படம் 780 மில்லியன் டொலர்களுக்கு மேல் வசூலித்தது என்பதையும் நேர்மையாகக் கூற வேண்டும். அதாவது கணினிக் காட்சிகள் பணப்பெட்டியை உடனடியாகக் காலி செய்வதில்லை, நம்பிக்கையைக் குறைக்கின்றன. அந்தக் கடன் 2023 இல் வெளியான ஐந்தாவது படத்தின் தலையில் விழுந்ததாகவே நாம் கருதுகின்றோம். ஏறத்தாழ 300 மில்லியன் டொலர் செலவான அப்படம் 384 மில்லியன் அளவிலேயே வசூலித்தது. திரையரங்கு உரிமையாளர்களின் பங்கும் விளம்பரச் செலவும் போக, இது நட்டமே. எண்பது வயதை எட்டிய ஹரிசன் போர்ட்டின் முகத்தைக் கணினியால் இளமையாக்கிக் காட்டிய நீண்ட தொடக்கக் காட்சியும் அதில் உண்டு. முகம் இளமையானது. நடையும் குரலும் முதியவருடையவையாகவே இருந்தன. கண்டியில் யானைச் சவாரியால் முதுகெலும்புத் தட்டு விலகி, வேதனையுடன் நடித்த அதே மனிதர் அவர் என்பதை எண்ணும்போது இந்த வேறுபாடு மேலும் உறுத்துகின்றது.

இனி எதிர்ப்பக்கம். 2017 இல் வெளியான 'பாகுபலி 2' கணினிக் காட்சிகளில் மூழ்கிய தொடர் படமே. ஆயிரம் கோடி இந்திய ரூபாவைத் தாண்டி வசூலித்த முதல் இந்தியப் படமும் அதுவே. மக்களைத் திரையரங்குக்கு அழைத்து வந்தது அருவியோ கோட்டையோ அல்ல. கட்டப்பா ஏன் பாகுபலியைக் கொன்றான் என்ற கேள்வி. விடை முதலிலேயே தீர்மானிக்கப்பட்டிருந்தது. கணினி அதற்கு ஊழியம் செய்தது. 2022 இல் வந்த 'அவதார்' இரண்டாம் பாகமும் அவ்வாறே. அங்கு நடிகர்கள் உண்மையாகவே நீர்த்தொட்டிக்குள் மூச்சடக்கி நடித்தனர். அந்த உடலசைவின் மீதுதான் கணினி உருவம் போர்த்தப்பட்டது.

தமிழில் 'இந்தியன்' நல்லதோர் ஒப்பீடு. 1996 இல் வெளியான முதற் படம் சிறந்த நடிகருக்கான தேசிய விருதுடன் சிறப்புக் காட்சி விளைவுகளுக்கான தேசிய விருதையும் பெற்றது. ஒப்பனைக்குள் இருந்த முதியவரின் கோபத்துக்கு ஒரு மகளின் சாவு காரணமாக இருந்தது. 2024 இல் வந்த இரண்டாம் பாகத்தில், படம் முடிவதற்கு முன்னரே காலமான விவேக், நெடுமுடி வேணு ஆகியோரின் முகங்களைக் கூடக் கணினி மீட்டுத் தந்தது. அந்தக் கோபத்தை அது மீட்டுத் தரவில்லை.

ஆனால் கணினியே வேண்டாம் என்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இதே 'இந்தியன் 2' படப்பிடிப்புத் தளத்தில் 2020 பெப்ரவரியில் பாரந்தூக்கி சரிந்து மூவர் உயிரிழந்தனர். கண்டிப் படப்பிடிப்புக்கு ஒன்பது மாதங்களுக்கு முன்னர், 1982 ஜூலையில், ஸ்பீல்பேர்க் தயாரிப்பாளர்களுள் ஒருவராக இருந்த 'ட்வைலைட் சோன்' படத்தின் தளத்தில் ஹெலிகொப்டர் வீழ்ந்து ஒரு நடிகரும் இரு சிறுவர்களும் பலியாகினர். ஒரு காட்சியின் மெய்ம்மைக்காக மனித உயிரைப் பணயம் வைக்கக் கோரும் உரிமை எந்த இரசிகனுக்கும் இல்லை. பாதுகாப்பு வடத்தைக் கணினியால் அழித்துவிடலாம் என்பதால் இன்றைய சாகசக் கலைஞன் வடத்துடன் பாய்கின்றான். இதனைக் குறை கூறுவது அறமாகாது.

கணினிக்குப் பின்னாலும் மனிதர்களே உள்ளனர் என்பதும் மறக்கப்படுகின்றது. 'லைஃப் ஒஃப் பை' படத்துக்குப் புலியை உருவாக்கிய ரிதம் அன்ட் ஹியூஸ் நிறுவனம் 2013 பெப்ரவரியில் வங்குரோத்து நிலையை அறிவித்தது. அதே மாதத்தில் அப்படத்தின் காட்சி விளைவுகளுக்கு ஒஸ்கார் கிடைத்தது. மும்பையிலும் ஹைதராபாத்திலும் கூட அந்நிறுவனத்தின் பணியாளர்கள் இருந்தனர். கடைசி நேரத்தில் மனம் மாறும் தயாரிப்பாளருக்காக இரவு பகலாக உழைப்பவர்கள் இத்தகையோரே. மோசமாக அமைந்த காட்சிக்கான பழியும் அவர்கள் மீதே விழுகின்றது.

கண்டிக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். 1983 இல் தச்சர்களும் கயிறு கட்டுவோரும் யானைப்பாகர்களும் லொறிச் சாரதிகளும் ஹந்தானைக்குச் சென்றனர். சந்திரன் ரட்ணம் போன்ற எம் நாட்டுத் திரைப்படத் துறையினர் உள்ளூர் ஏற்பாடுகளில் பங்கேற்று அனுபவம் பெற்றனர். அவ்வாண்டு ஜூலை மாதம் இந்நாட்டில் நிகழ்ந்தவை, வரவிருந்த பல படக்குழுக்களை நீண்ட காலத்துக்குத் திருப்பி அனுப்பின என்பது வேறு கதை. இன்று அதே பள்ளத்தாக்கைத் திரையில் காட்டுவதற்கு ஒரு படக்குழு சில நிழற்படங்களுடன் திரும்பிச் செல்லலாம். அவ்வாறு செல்லும்போது ஒரு நாட் கூலியும் இங்கு தங்குவதில்லை. கித்துல்கலையில் ஆற்றோரத்தில் எஞ்சியுள்ள கொங்கிரீட் அடித்தளங்களைப் பார்ப்பதற்கு, அறுபத்தைந்து ஆண்டுகள் கடந்தும், சுற்றுலாப் பயணிகள் வந்து கொண்டே இருக்கின்றனர்.