மீள நிறுவிய பின் கணினி தொடங்க மறுப்பது ஏன்?

பணிசெயல் முறைமையை மீள நிறுவிய கணினியொன்று, அடுத்த முறை ஆளியிடும்போது தொடங்க மறுக்கலாம். கறுப்புத் திரையில் ஒரு வரி ஆங்கிலம் மட்டும் தெரியும். "ஹாட் டிஸ்க் போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்பார் ஒருவர். "இன்னொருக்கால் போர்மட் பண்ணிப் பார்" என்பார் இன்னொருவர். மாணவர்களே, இவ்விரண்டையும் முதலில் செய்யாதீர்கள். முன்னையது வீண் செலவாகலாம். பின்னையதோ வன்தட்டில் எஞ்சியிருக்கும் உங்கள் செயற்றிட்டத்தையும் வீட்டுப் படங்களையும் அழித்துவிடக்கூடும். கணினி எந்தப் படியில் நின்றுபோனது என்று கண்டறிவதே முதல் வேலை.

இதற்குப் பணிசெயல் முறைமை அலகில் நீங்கள் கற்ற தொடக்கச் செயன்முறையே போதும். மின் வழங்கப்பட்டதும் தாய்ப்பலகையிலுள்ள பயோஸ் என்னும் நிலைப்பொருள் இயங்குகிறது. அது முதன்மை நினைவகம், விசைப்பலகை முதலியவற்றைச் சோதிக்கிறது. இச்சோதனையே 'போஸ்ட்' எனப்படும். பின்னர் தொடக்க ஒழுங்கில் முதலாவதாக உள்ள சாதனத்தை நாடுகிறது. அது வன்தட்டு எனின், அதன் முதலாவது ஆரைச்சிறையை வாசிக்கிறது. 512 பைற்று கொண்ட அப்பகுதி முதன்மைத் தொடக்கப் பதிவு எனப்படும். அதில் 446 பைற்று சிறியதொரு செய்நிரலுக்கும், 64 பைற்று வன்தட்டின் பிரிவுகளைக் குறிக்கும் அட்டவணைக்கும், இறுதி 2 பைற்று அடையாளக் குறிக்கும் உரியவை. அச்செய்நிரல் செயற்படு பிரிவைத் தேடிக் கட்டுப்பாட்டைக் கையளிக்கும். அங்குள்ள தொடக்க ஏற்றி, பணிசெயல் முறைமையை முதன்மை நினைவகத்துக்கு ஏற்றும். விளையாட்டுப் போட்டியில் நடக்கும் அஞ்சலோட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கோல் யாருடைய கையில் இருந்து விழுந்தது என்பதைத் திரையே சொல்லிவிடும்.

திரையில் எதுவுமே வராமல் பீப் ஒலி மட்டும் கேட்டால், கோல் முதல் ஓட்டக்காரரையே தாண்டவில்லை. இது மீள நிறுவியதால் வந்த பழுதன்று. பெட்டியைத் திறந்தபோது றாம் அட்டை தளர்ந்திருக்கலாம்.

தயாரிப்பாளரின் சின்னம் தோன்றி, அதன் பின் 'நோ பூட்டபிள் டிவைஸ்' அல்லது 'ஒப்பரேட்டிங் சிஸ்டம் நொட் பவுண்ட்' என வந்தால் பயோஸ் நலமாக உள்ளது. தொடக்கக்கூடிய சாதனம் எதுவும் அதற்குக் கிடைக்கவில்லை. செருகியிருக்கும் பென் டிரைவைக் கழற்றுங்கள். பின்பு பயோஸ் அமைப்புக்குள் சென்று வன்தட்டின் பெயர் தெரிகிறதா எனப் பாருங்கள். தெரியாவிட்டால் வடங்களைச் சரிபார்க்க வேண்டும். தெரிந்தால் தொடக்க ஒழுங்கைச் சரிசெய்யுங்கள். அங்கே திகதியும் பல ஆண்டுகள் பின்னோக்கிப் போயிருந்தால், தாய்ப்பலகையிலுள்ள 3 வோற்று மின்கலம் தீர்ந்திருக்கலாம். அது தீர்ந்தால் நீங்கள் மாற்றிய அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்பக்கூடும். நாணயம் போன்ற ஒரு சிறிய மின்கலத்துக்காகக் கணினியையே குறை சொல்பவர்கள் பலர்!

'பூட்எம்ஜிஆர் இஸ் மிஸ்ஸிங்' என வந்தால் கோல் வன்தட்டின் பிரிவு வரை வந்துவிட்டது, தொடக்க ஏற்றிதான் அங்கில்லை. 2001 இல் வெளிவந்த வின்டோஸ் எக்ஸ்பீயில் இதே நிலையில் 'என்டிஎல்டிஆர்' என்ற பெயர் தோன்றும். இரண்டு வன்தட்டுகள் உள்ள கணினியில் இது அடிக்கடி நேரும். வின்டோஸ் இரண்டாவது வன்தட்டில் நிறுவப்பட்டாலும், தொடக்கக் கோப்புகள் முதலாவதில் எழுதப்பட்டிருக்கலாம். பிறகு முதலாவதைக் கழற்றினால் கணினி தொடங்காது. லினக்ஸ் இருந்த கணினியில் வின்டோஸை நிறுவியதும் லினக்ஸ் காணாமற்போவதும் ஏறக்குறைய இது போன்றதே. லினக்ஸ் வன்தட்டில் அப்படியே இருக்கலாம். அதற்குச் செல்லும் வழியை வின்டோஸ் தனதாக்கிக்கொண்டது.

வின்டோஸ் சின்னம் தோன்றிய பின் நீலத் திரை வந்தால் தொடக்க ஏற்றி தன் வேலையைச் செய்துவிட்டது. பொருந்தாத சாதனச் செலுத்தியை அல்லது பயோஸில் வன்தட்டுக்கான அமைப்பு மாற்றப்பட்டதைச் சந்தேகியுங்கள்.

மாணவர்களை அதிகம் குழப்புவது வேறொன்று. நிறுவுதல் பாதியில் கணினி தானாக மீளத் தொடங்கும். மீண்டும் முதற் பக்கத்திலிருந்தே நிறுவல் ஆரம்பிக்கும். பழுது எதுவுமில்லை. நிறுவற் சாதனம் இன்னும் செருகியிருக்க, தொடக்க ஒழுங்கில் அதுவே முதலாவதாக உள்ளது. அதைக் கழற்றி மீளத் தொடக்கினால் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

புதிய கணினிகளில் பயோஸின் இடத்தை யூஈஎப்ஐ பிடித்துள்ளது. அதற்குரிய வன்தட்டு அமைப்பு ஜீபீடி. தொடக்க ஏற்றி தனியானதொரு சிறு பிரிவில் கோப்பாக இருக்கும். பழைய முறையில் நிறுவிவிட்டு யூஈஎப்ஐ முறைக்கு மாற்றினாலோ, மறுதலையாகச் செய்தாலோ வின்டோஸ் தொடங்காது. எனவே நிறுவும்போது எந்த முறை இருந்ததோ அதற்கே மீள மாற்றிப் பாருங்கள்.

தொடக்க ஏற்றிதான் பழுது என்று தெரிந்தால், நிறுவற் சாதனத்திலிருந்து கணினியைத் தொடக்கி, 'நிறுவுக' என்பதைத் தெரியாமல் 'கணினியைத் திருத்துக' என்பதைத் தெரிவுசெய்யலாம். ஆனால் அதற்கு முன்னர் லினக்ஸ் உள்ள பென் டிரைவினால் கணினியைத் தொடக்கி, தேவையான கோப்புகளை வேறொரு சாதனத்துக்கு நகலெடுங்கள். ஏற்கெனவே விரைவு வடிவமைப்புச் செய்துவிட்டீர்களா? அது கோப்புகளின் அட்டவணையையே புதிதாக்குகிறது; சாதாரண வன்தட்டில் தரவுகள் மேலெழுதப்படும் வரை எஞ்சியிருக்கும். ஆகவே அதில் மேலும் எதையும் எழுதாது மீட்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

மாதிரி வினா: பணிசெயல் முறைமையை மீள நிறுவிய கணினியில் 'போஸ்ட்' சோதனை வெற்றிகரமாக முடிந்தது. எனினும் பணிசெயல் முறைமை கண்டறியப்படவில்லை என்ற செய்தி தோன்றியது.
(அ) இதற்கான காரணங்கள் இரண்டு தருக.
(ஆ) முதன்மை நினைவகம் இயங்கவில்லை என இங்கு கூற முடியுமா? விளக்குக.

(அ) இற்குத் தொடக்க ஒழுங்கு பிழையாக இருத்தல், தொடக்கப் பதிவு சிதைந்திருத்தல் என எழுதலாம். "வைரசு" என்று மட்டும் எழுதிவிட்டு நகராதீர்கள். அது எதைச் சிதைத்தது என்றும் எழுதுங்கள். (ஆ) இன் விடை, வினாவின் முதல் வரியிலேயே இருக்கிறது.