ரம்பத்துக்குக் கீழே இத்தனை அதிசயமா!

பலகையைக் கோணத்தில் வெட்டும் 12 அங்குல மைட்டர் சாவின் வட்டு நிமிடத்துக்கு 3,800 சுற்று சுழலும்போது, அதன் பல்நுனி மணிக்கு ஏறக்குறைய 218 கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது தெரியுமா? ஆனால் வெட்டு நேராக விழுமா, கோணுமா என்பதில் பாதியை முடிவு செய்வது அந்த வட்டு அல்ல, அதைத் தாங்கி நிற்கும் ஸ்டாண்ட்!

பலகையின் நுனி, சாவிலிருந்து 1.2 மீட்டர் தள்ளி ஒரே ஒரு சென்டிமீட்டர் தாழ்ந்தால் போதும், வெட்டு அரை டிகிரி மாறிவிடும். அரை டிகிரிதானே என்று விட்டுவிட முடியாது. வட்டை 45 டிகிரி சாய்த்து, நான்கு பலகைகளை மூலை சேர்த்து ஒரு பெட்டி செய்கிறோம் என்று வையுங்கள். மொத்தம் எட்டு வெட்டு. எட்டிலும் அரை டிகிரி குறைந்தால், மூன்று மூலைகளை இறுக்கிச் சேர்த்த பிறகு நான்காவது மூலை நான்கு டிகிரி வாய் பிளந்து நிற்கும்!

அதனால்தான் ஸ்டாண்ட் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது பலகையைத் தாங்கும் அதன் பக்கவாட்டுக் கைகள். கையின் நுனியில் அதே எடை இருக்க, நீளத்தை மட்டும் இரண்டு மடங்காக்கினால் வளைவு எத்தனை மடங்காகும்? இரண்டல்ல, எட்டு! டிவால்ட் நிறுவனத்தின் டிடபிள்யூஎக்ஸ்723 ஸ்டாண்ட் சுமார் 16 கிலோ எடைதான். 227 கிலோ தாங்கும் என்கிறார்கள். கேட்கவே மலைப்பாக இருக்கிறது. ஆனால் பெரிய ஸ்லைடிங் சாவே 25 முதல் 30 கிலோதான். ஆகவே இந்த எண்ணை வைத்து ஸ்டாண்டைத் தேர்ந்தெடுக்காதீர்கள். கையை முழுக்க இழுத்து, நுனியை அழுத்திப் பாருங்கள். ஆடினால் அடுத்ததற்குப் போங்கள்.

நுனி தாழ்வது மட்டுமா ஆபத்து? உயர்ந்தாலும் ஆபத்துதான்! இரு பக்கக் கைகளிலும் உள்ள தாங்கிகள் சாவின் தளத்தைவிட மேலே இருந்தால், வெட்டு விழ விழப் பலகை நடுவில் இறங்கும், வெட்டுவாய் மேலே மூடிக்கொண்டு சுழலும் வட்டைக் கவ்விவிடும். தாங்கியின் உயரத்தைத் திருகித் துல்லியமாகச் சரிசெய்ய வசதி இல்லாத ஸ்டாண்ட் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். நீள அளவுக்கான தடுப்புக் கட்டையையும் வெட்டி விழும் துண்டின் பக்கம் வைக்கவே கூடாது. தடுப்புக்கும் வட்டுக்கும் நடுவே சிக்கும் துண்டு தெறித்துப் பறக்கும்.

அடுத்து, ஸ்டாண்டின் கால்கள். மூன்று கால் உள்ள எதுவும் மேடுபள்ளத்தில் ஆடவே ஆடாது. நான்கு கால் ஆடும். ஆனால் கால்கள் சமமாக உள்ள சதுர மேசையை, படிக்கட்டுபோல வெடுக்கென்று இறங்காத தரையில், கால்பங்கு வட்டத்துக்குள் திருப்பினாலே ஆடாத நிலை ஒன்று கிடைத்துவிடும்! கணிதப் புதிர் எழுத்தாளர் மார்ட்டின் கார்ட்னர் 1973-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். அது சமதளமாகத்தான் நிற்கும் என்று சொல்ல முடியாது. ரசமட்டம் வைத்துத்தான் பார்க்க வேண்டும். வேலை நடக்கும் இடத்தில் ஸ்டாண்டைத் திருப்பிக்கொண்டிருக்கவும் இடம் இராது. ஒரு காலிலாவது உயரம் திருகும் பாதம் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிடுங்கள்.

ஸ்லைடிங் சா வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று! வெட்டும்போது மோட்டாரும் வட்டும் சேர்ந்த தலை முன்னும் பின்னும் ஓடுகிறது. எடையின் மையமும் கூடவே நகர்கிறது. கால்கள் முன்பின்னாக அகன்று நிற்கவில்லை என்றால் ஸ்டாண்டே கவிழப் பார்க்கும். கடையில் சாவைப் பொருத்தச் சொல்லி, தலையை முழுக்க முன்னே இழுத்து, பின்கால்கள் தரையை விட்டு எழுகின்றனவா என்று பார்த்த பிறகே பணத்தை எடுங்கள்.