மலைவீட்டின் வெளிப்புறம்

நீலகிரிக் கிராமங்களில் தை பிறந்தவுடன் வீடு புதுப்பிக்கும் பேச்சு எழுந்துவிடுகிறது. பசுந்தேயிலையிலும் மலைக்காய்கறியிலும் சேர்த்த பணத்தைக் கொண்டும், போதாததற்குக் கடன் பெற்றும், நம் அங்கத்தினர் பலர் பழைய வீட்டின் முகப்பைப் புதுக்கோலத்தில் காண விழைகின்றனர். இவ்விருப்பத்தில் குறை கூற ஒன்றுமில்லை. தகப்பனார் கட்டிய வீடு உறுதியாக இருந்தால் மட்டும் போதாது, பார்வைக்கும் நன்றாக இருக்கவேண்டும் என்று எண்ணுவது இயல்பே. ஆனால் முகப்பில் பளபளக்கும் ஓடு பதித்த பழைய வீடுகள் சிலவற்றில், இரண்டு மூன்று மழைக்காலம் கழிவதற்குள் உட்சுவரில் ஓதம் ஏறி, அலமாரியிலுள்ள துணிமணிகள் பூஞ்சணம் பிடிப்பதைக் காண்கிறோம். கடனின் தவணை முடியுமுன் பூச்சு உதிரத் தொடங்குகிறது. இதன் காரணத்தையும், அதே பணத்தை வேறு வரிசையில் செலவிட்டால் கிடைக்கும் பலனையும் இங்கே விளக்க விரும்புகிறோம். சமவெளியிலுள்ள நெசவாள அங்கத்தினர் பலருக்கும் பழைய சுண்ணாம்புச் சுவர் வீடுகளே இருப்பதால், சுவரைப் பற்றிய பகுதி அவர்களுக்கும் உதவும். கஞ்சியிட்ட பாவை ஓதம் ஏறிய சுவரருகில் வைத்தால் என்ன ஆகும் என்பதை அவர்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை.

மலையில் மழை மேலிருந்து மட்டும் வருவதன்று. காற்றோடு சேர்ந்து பக்கவாட்டில் சுவரை அடிக்கிறது. சரிவிலிருந்து ஊறி நிலத்தின் வழியாகவும் வருகிறது. கூடலூர், தேவாலா, அவலாஞ்சிப் பக்கங்களில் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவம் கடுமையானது. குன்னூர், கோத்தகிரிப் பக்கங்களில் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமே பெருமழையைக் கொணர்கிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி வட்டாரங்களில் பெருமழையால் மண் சரிந்து, மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஆகவே ஒரு வீட்டின் எந்தச் சுவர் மழையை ஏற்கிறது என்பது ஊருக்கு ஊர் மாறும். பாசி படர்ந்துள்ள சுவர் எதுவென்று பார்த்தால் அது தெரிந்துவிடும். அழகு செய்ய விரும்பும் முகப்பும் மழையை ஏற்கும் சுவரும் ஒன்றாக இராமற்போகலாம். பணம் முதலில் சேரவேண்டியது மழைச்சுவருக்கே.

இனி, பழைய சுவர் எவ்வாறு வேலை செய்கிறது என்பதைக் காண்போம். கல்லையோ செங்கல்லையோ மண்சாந்தில் அடுக்கி, சுண்ணாம்புக் காரை பூசிய சுவர் மழையில் சிறிது நனையத்தான் செய்யும். வெயில் வந்தபோது அந்த ஈரம் ஆவியாகிச் சுண்ணாம்பின் நுண்துளைகள் வழியே வெளியேறிவிடும். வீட்டினுள் சமைப்பதாலும், மழைநாளில் துணி உலர்த்துவதாலும் உண்டாகும் ஆவிக்கும் அதுவே வழி. இத்தகைய சுவரின்மேல் கெட்டியான சிமெண்டுக் கலவையைப் பூசினால் முதலாண்டில் சுவர் இறுகி நிற்பதுபோல் தோன்றும். ஆனால் உள்ளிருக்கும் மண்சுவர் ஈரத்திலும் வெயிலிலும் சற்று அசையும். சிமெண்டு அசைந்து கொடுக்காது. மயிரிழை போன்ற வெடிப்புகள் காணும். வெடிப்பின் வழியே புகுந்த நீர், புகுந்த வேகத்தில் திரும்பி வர இயலாமல் பூச்சுக்குப் பின்னே தங்கி மண்சாந்தை இளக்குகிறது. கம்பால் சுவரைத் தட்டிப் பாருங்கள். உள்ளீடற்ற ஓசை கேட்கும் இடங்களில் பூச்சு சுவரைவிட்டுப் பிரிந்துவிட்டது என்று அறியலாம். அதன்மேல் நீர் புகாத பெயிண்டையோ பளபளப்பான ஓட்டையோ ஏற்றுவது ஈரத்தை இன்னும் நன்றாகப் பூட்டி வைப்பதாகும். அடிச்சுவரில் மட்டும் ஓடு பதிப்பது மிகத் தவறு. நிலத்திலிருந்து ஏறும் ஓதம் வெளியேற இடமின்றி ஓட்டின் விளிம்பைத் தாண்டி மேலே ஏறும்.

சிமெண்டுக் கல்லாலும் காங்கிரீட்டாலும் அண்மையில் கட்டிய வீடுகளுக்கு இவ்வாதம் பொருந்தாது. அவற்றுக்குச் சிமெண்டுப் பூச்சே உரியது. சிமெண்டின்மேல் நமக்கு விரோதம் ஒன்றுமில்லை.

செலவின் வரிசையில் முதலாவது கூரை. சுவரை நனையாமல் காப்பதில் அகன்ற இறவாரத்துக்கு இணையாக எந்தப் பெயிண்டையும் சொல்ல இயலாது. சுவரைவிட்டு 2 அடி நீண்டிருப்பது நலம். ஆனால் காற்று மிகுந்த மேட்டு வீடுகளில் நீண்ட இறவாரத்தைக் காற்று தூக்கிவிடக்கூடும். ஆதலால் கூரைச் சட்டங்களை இரும்புப் பட்டையால் சுவரோடு பிணைக்கவேண்டும். துத்தநாகம் பூசிய தகடோ, இப்போது பரவலாகக் கிடைக்கும் வண்ணத் தகடோ போடுவோர் சிலவற்றைக் கவனிக்கவேண்டும். அலைவடிவத் தகட்டில் திருகாணியை மேட்டில் போடவேண்டும். பள்ளத்தில் போட்டால் நீரோட்டத்திலேயே துளையிட்டவாறாகும். ரப்பர் வாஷர் அவசியம். அறுத்த விளிம்பில்தான் துரு தொடங்கும் என்பதால், அறுத்த அன்றே அங்கே வண்ணம் தீட்டவேண்டும். தகட்டின் ஓரத்தைச் சுவரில் ஈரச் சிமெண்டு வைத்துப் புதைப்பது பல இடங்களில் வழக்கம். சிமெண்டின் காரம் துத்தநாகத்தையும் அலுமினியத்தையும் அரித்துவிடும். தகட்டாலேயே மடிப்பு செய்து சுவரோடு பொருத்துவது நல்லது. பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகட்டைக் கழற்றுவோர் அதை உடைக்கவோ அறுக்கவோ கூடாது. அதன் தூசு நுரையீரலுக்குக் கொடிய கேடு. நனைத்து முழுத் தகடாக இறக்கவேண்டும்.

இரண்டாவது சுவரின் அடி. சரிவை வெட்டி எழுப்பிய வீட்டில் பின்சுவர்மேல் ஆண்டுக்காண்டு மண் சரிந்து சேர்ந்து, வீட்டுத்தரையைவிட வெளிநிலம் உயர்ந்துவிடுகிறது. முகப்பில் செலவிடும் பணத்தில் ஒரு பங்கேனும் யாரும் பார்க்காத இந்தப் பின்பக்கத்துக்குப் போகவேண்டும் என்பது நம் உறுதியான அபிப்பிராயம். மண்ணை அப்புறப்படுத்தி, வெளிநிலம் தரைமட்டத்துக்கு அரை அடியாவது கீழே இருக்கும்படி செய்து, சுவரைவிட்டுத் தள்ளி வடிகால் அமைக்கவேண்டும். தாங்குசுவர் இருந்தால் அதில் நீர்கசியும் துளைகள் அடைபடாமல் இருக்கவேண்டும்; அவை அடைபட்டால் பின்னே தேங்கும் நீரின் பாரத்தைச் சுவர் சுமக்க நேரும். வடிகால் நீர் இயற்கையான ஓடையில் சேரவேண்டும், கீழ்வீட்டான் சரிவிலன்று. மண்ணை மிகுதியாக வெட்ட நேர்ந்தால் மலைப்பகுதிக் கட்டட விதிகளை உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டறிக.

இவை இரண்டும் முடிந்தபின்னரே அழகைப் பற்றி எண்ணலாம். சுண்ணாம்பு என்றவுடன் பழமை என்று இளைஞர்கள் முகம் சுளிப்பர். இன்றைய கட்டடக்கலை விரும்புவதோ எளிய நிறமும், நேரான கோடும், பளபளப்பற்ற பரப்புமாகும். இவை யாவும் சுண்ணாம்புக்கு இயல்பாக வருவன. நீற்றிய சுண்ணாம்பை நீரில் மூழ்கியபடி இரண்டு வாரமாவது ஊறவைத்து, பழைய காடாத்துணியில் வடிகட்டி, பால் பதத்தில் கரைத்து, நனைத்த சுவர்மேல் மெல்லிய பூச்சாக நாள் ஒன்றுக்கு ஒருமுறை வீதம் நான்கைந்து முறை பூசவேண்டும். தடித்த ஒரே பூச்சு உதிரும். காவி, மஞ்சட்காவி போன்ற மண்ணிறங்களையும் இரும்பாக்சைடு நிறங்களையும் சேர்க்கலாம். சுண்ணாம்பின் எடையில் பத்திலொரு பங்குக்கு மேல் வேண்டாம். வேறு பல பகட்டு நிறங்கள் சுண்ணாம்பின் காரத்தில் வெளுத்துவிடும். சுண்ணாம்பை நீற்றும்போது அது கொதித்துத் தெறிக்கும். குழந்தைகளை அணுகவிடாமல், கண்ணுக்குக் கண்ணாடி அணிந்து செய்யவேண்டும். அடிச்சுவரைப் பூசாமல் உள்ளூர்க் கல்லையே காட்டி, இடுக்குகளைச் சுண்ணாம்புக் காரையால் அடைத்துவிட்டால் அதுவே நல்ல முகப்பு. ஜன்னலைப் பெரிதாக்குவோர், மேலே நிற்கும் நிழற்பலகையின் அடியில் விரலகலக் காடி ஒன்று வெட்டச் சொல்லவேண்டும். மழைநீர் அந்தக் காடியில் அறுபட்டுச் சொட்டும். சுவர்வரை ஊர்ந்து வராது. கொத்தனாருக்கு அரைமணி வேலை இது.

சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமிலவாயுவை ஈர்த்துப் பல வாரங்களில் மெல்லக் கல்லாக இறுகுவது. உறைபனி விழும் நாளில் பூசினால் கெடும். ஆகவே மாசி இறுதியிலிருந்து சித்திரைக்குள் முடிப்பதே மலைக்கு ஏற்றது.

படுகர் ஹட்டிகளில் வீடுகள் வரிசையாக, ஒரே இடைச்சுவரைப் பகிர்ந்து நிற்பதுண்டு. அங்கே ஒருவர் மட்டும் கூரையை உயர்த்தினால் அவர் கூரைநீர் அடுத்த வீட்டுச் சுவரில் விழும். ஒரு வரிசையிலுள்ளோர் ஒரே பருவத்தில் சேர்ந்து வேலை எடுப்பாராயின் வடிகால் ஒன்றாக ஓடும்; சாரம் கட்டும் செலவு பங்காகும்; சுண்ணாம்பை ஒரே தொட்டியில் நீற்றலாம். கடன் கேட்க வருவோரும் தனித்தனியே முகப்புக்கு என்று கேளாமல், வரிசைக்குக் கூரையும் வடிகாலும் என்று கேட்டால் எந்தச் சங்கமும் அதை மகிழ்ந்து பரிசீலிக்கும். வேலை முடிந்து எஞ்சிய சுண்ணாம்பை எறிந்துவிடவேண்டாம். மேலே நீர் நிற்கும்படி மூடி வைத்தால் கெடாது. மறு ஆண்டு மழைச்சுவரில் தேய்ந்த இடங்களுக்கு அதுவே ஆகும்.