மின்வெட்டிலும் கணக்கு நிற்கக்கூடாது: லெப்டொப்பின் வேகத்தை அளவோடு வைப்போம்

2022 மார்ச் 31ஆம் திகதி நாட்டில் 13 மணித்தியால மின்வெட்டு அமுலில் இருந்ததை எமது வர்த்தகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஏற்பட்ட கோளாறினால் முழு நாடும் இருளில் மூழ்கியது. மின்சாரம் எப்போது நிற்கும் என்று யாருக்கும் சொல்ல முடியாது.

பேலியகொடையை எடுத்துக்கொள்வோம். 2011இல் புறக்கோட்டையிலிருந்து மொத்த மீன் சந்தை அங்கே சென்றது. 2020 நவம்பரில் புதிய மெனிங் சந்தையும் அங்கேயே திறக்கப்பட்டது. இத்தகைய மொத்த வியாபாரத்தில் கொடுக்கல் வாங்கலின் பெரும்பகுதி விடியுமுன் முடிந்துவிடும். யாருக்கு எத்தனை கிலோ, யாரிடம் எவ்வளவு கடன் என்ற கணக்கு லெப்டொப்பில் இருந்து, அந்த நேரம் பார்த்து பற்றரி தீர்ந்துபோனால் நட்டம் யாருக்கு?

பற்றரியைத் தின்பவற்றில் முக்கியமானது புரொசஸர். மோட்டார் வாகனத்தில் எக்சிலேட்டரை மிதிப்பது போல, வேகம் கூடக் கூட அதன் செலவும் கூடும். வேகத்தைக் கூட்டும்போது வோல்ற்றளவும் கூட வேண்டியிருக்கிறது. செலவோ வோல்ற்றளவின் வர்க்கத்திற்கு ஏற்ப ஏறுகிறது. எனவே வேகத்தையும் வோல்ற்றளவையும் 20 வீதம் குறைத்தால், புரொசஸர் வேலை செய்யும்போது எடுக்கும் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

வேகத்தைக் குறைக்கும் இந்த வசதியை இன்டெல் கம்பனி 2000ஆம் ஆண்டில் ‘ஸ்பீட்ஸ்டெப்’ என்ற பெயரில் லெப்டொப்களுக்குக் கொண்டுவந்தது. ஏ.எம்.டி.யும் அதே காலத்தில் ‘பவர்நவ்’ என்று வெளியிட்டது. இன்றைய லெப்டொப்கள் அனைத்திலும் இவ்வசதி உண்டு. நாம் அதைத் தடுக்காமல் இருந்தாலே போதும்.

ஆனால் பலரும் தடுக்கிறார்கள். விண்டோஸில் ‘ஹை பெர்ஃபோமன்ஸ்’ என்ற திட்டத்தைத் தெரிவு செய்தால், புரொசஸரின் ஆகக்குறைந்த நிலை 100 வீதமாகிவிடும். ‘பெலன்ஸ்ட்’ திட்டத்தில் அது வழமையாக 5 வீதம். பில் அடிக்கவும் கணக்குப் பதியவும் ‘பெலன்ஸ்ட்’ தாராளமாகப் போதும்.

இன்னும் மிச்சம் பிடிக்க விரும்புவோர் கன்ட்ரோல் பெனலில் பவர் ஒப்ஷன்ஸ் பகுதிக்குச் சென்று, உயர்நிலை அமைப்புகளில் ‘மெக்சிமம் புரொசஸர் ஸ்டேட்’ என்பதை பற்றரியில் இயங்கும்போது மட்டும் 99 வீதமாக வைக்கலாம். ஒரு வீதத்தில் என்ன வரப்போகிறது என்று எண்ண வேண்டாம். பெரும்பாலான இன்டெல் லெப்டொப்களில் இதனால் ‘டர்போ’ எனும் மேலதிக வேகம் நின்றுவிடும், சூடும் குறையும். புதிய லெப்டொப்கள் சிலவற்றில் இத்தெரிவு மறைந்திருக்கும். அவற்றில் ‘பெஸ்ட் பவர் எஃபிஷன்சி’ என்பதைத் தெரிவு செய்தால் போதுமானது.

அதற்காக 30 வீதம், 40 வீதம் என்று இறக்கிவிடக் கூடாது. பத்து நிமிட வேலை அரை மணித்தியாலம் இழுத்தால், அவ்வளவு நேரமும் திரை எரிந்துகொண்டே இருக்கும். அங்கே மிச்சம் பிடித்தது இங்கே போய்விடும். திரையின் வெளிச்சத்தைக் குறைப்பதும், தேவையற்ற மென்பொருள்களை மூடுவதும் சேர்ந்தால்தான் முழுப் பலன்.

கணக்கு எளிது. 50 வோட்-மணி பற்றரியில், லெப்டொப் 20 வோட் எடுத்தால் இரண்டரை மணித்தியாலம் ஓடும். 12 வோட்டுக்குக் கொண்டுவந்தால் நான்கு மணித்தியாலத்தைத் தாண்டும். காலைச் சந்தை முடிய அது போதும்.

பற்றரி பழசாகி அதன் கொள்ளளவே பாதியாகியிருந்தால் எந்த அமைப்பும் காப்பாற்றாது. அதை முதலில் பரிசோதித்து, தேவையாயின் மாற்றிவிடுங்கள். கடன் கணக்கின் பிரதியொன்றையும் தினமும் வேறிடத்தில் சேமித்து வையுங்கள். பற்றரியை எந்த நாளும் வாங்கலாம். அழிந்துபோன கணக்கை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.